மெழுகு வாங்கித் தந்த மண்

திருவாமாத்தூர்க்காரன் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். எங்கள் ஊர் அபிராமேசுவரர் கோயிலில் உள்ள வட்டப்பாறையின் முன் நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது இந்த வட்டாரம் முழுவதும் உள்ள நம்பிக்கை. ஆகையால் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் வாழ்க்கையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது கலையார்வத்தால் அன்று. உருக்கிய மெழுகில் விரலைச் சுட்டுக்கொண்டதால்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நூலில் சில முகங்களைக் கண்டேன். எகிப்தில் ஃபையூம் என்னும் பகுதியில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மனிதர்களின் முகங்கள் அவை. தேன்மெழுகை உருக்கி அதில் வண்ணப்பொடி கலந்து, மரப்பலகையில் தீட்டி, பதப்படுத்திய உடலின் முகத்தின் மேல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இத்தனை காலம் கழிந்தும் அந்தக் கண்களில் ஈரம் காயவில்லை. இந்த முறைக்கு என்காஸ்டிக் என்று பெயர். சுட்டு உள்ளே இறக்குவது என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள்.

விழுப்புரத்தில் நாட்டு மருந்துக் கடை ஒன்றில் தேன்மெழுகும் குங்கிலியமும் வாங்கினேன். செங்காவிப் பொடி வீட்டிலேயே இருந்தது. மெழுகை நேராக நெருப்பில் வைத்தால் புகைந்து கருகும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துத்தான் உருக்க வேண்டும். இது எனக்கு இரண்டாவது நாள்தான் விளங்கியது. தூரிகையை மெழுகில் தோய்த்துப் பலகைக்குக் கொண்டுபோவதற்குள் அது உறைந்து கட்டியாகிவிடும். எப்படியோ நான்கைந்து அடுக்குப் பூசி, என் தங்கையின் முகம் என்று சொல்லத்தக்க ஒன்றைக் கொண்டுவந்தேன். மறுநாள் நகம் பட்டதும் மேலடுக்கு அப்பளம் போல் பெயர்ந்து வந்துவிட்டது. ஒவ்வோர் அடுக்கையும் பூசியவுடன் அனல் காட்டிக் கீழ் அடுக்கோடு ஒன்றாக உருக வைக்க வேண்டுமாம். அந்தக் கலையின் பெயரிலேயே உள்ள செய்தியை நான் கவனிக்கவில்லை!

அப்பா எல்லாவற்றையும் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. படிப்பு முடிந்ததும் தேர்வாணையத் தேர்வு எழுதப் போகிறேனா, இல்லை மெழுகுதான் சோறு போடப் போகிறதா என்று மட்டும் கேட்டார். இதைக் கல்லூரியில் எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் சொல்லி வருந்தியபோது அவர் சிரித்துவிட்டு, மெழுகு சோறு போட்ட கதை நம் சென்னையிலேயே உண்டு, பணிக்கரைப் படி என்றார்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்பத்தின் வேர் மலபாரில். இளமையிலேயே நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகளைத் தீட்டும் கை வாய்த்திருந்தது. ஆனால் கை வாய்த்த எல்லாருக்கும் காலம் வாய்ப்பதில்லை. குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில் அவர் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் அரசாங்க உத்தியோகம். எங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்தால் பொங்கல் வைப்பார்கள். அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு, 1936-இல், 25-ஆவது வயதில், சென்னை அரசு கலைத்தொழிற் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். இந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

அப்பள்ளி 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. பணிக்கர் சேர்ந்தபோது அதன் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். 1940-இல் படிப்பை முடித்த பணிக்கர், அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். 1944-இல் நண்பர்களோடு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954-இல் இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் பள்ளியின் முதல்வரானார்.

இனிமேல்தான் மெழுகு வருகிறது.

முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவருக்கு ஒரு கவலை. ஆண்டுதோறும் நல்ல ஓவியர்களும் சிற்பிகளும் பள்ளியை விட்டு வெளியேறுகிறார்கள். வெளியே போய் என்ன செய்கிறார்கள்? ஒருவர் பள்ளிக்கூடத்தில் வரைகலை ஆசிரியர். ஒருவர் விளம்பரக் கம்பெனியில். இன்னொருவர் நெசவாளர் சேவை மையத்தில் சேலைக்கு வடிவம் போடுகிறார். மதிப்பான வேலைகள்தாம். ஆனால் பகலெல்லாம் பிறருக்கு வரைந்த கை, இரவில் தனக்கென்று வரைய எழுவதில்லை. படத்தை விற்றுப் பிழைக்கலாம் என்றால் அன்றைய சென்னையில் நவீன ஓவியம் வாங்குவோர் மிகச் சிலர். வாங்குவோரின் விருப்பத்துக்கு வரையத் தொடங்கினால் அதுவும் ஒரு கம்பெனி வேலைதான்.

பணிக்கர் கண்ட வழி எளிமையானது. நாளில் சில மணி நேரம் கைத்தொழில், மற்ற நேரம் கலை. கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொள்ளட்டும், ஓவியம் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். அதற்காகக் கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. அவர்கள் கைக்கொண்ட தொழில்களுள் முதன்மையானது பாத்திக்.

பாத்திக் ஜாவாத் தீவில் செழித்த கலை. தாகூர் 1927-இல் ஜாவாவுக்குச் சென்று வந்த பின் சாந்திநிகேதனில் அது வேரூன்றியது. துணியில் கோலத்தை வரைந்து, எந்த இடத்தில் சாயம் ஏறக் கூடாதோ அங்கே உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். சாயம் குளிர்ந்ததாக இருக்க வேண்டும்; சூடானால் மெழுகு கரைந்துவிடும். வெளிர் நிறம் முதலில், அடர்ந்த நிறம் பின்னால். ஒவ்வொரு நிறத்துக்கும் மறுபடி மெழுகு, மறுபடி முக்கல். தேன்மெழுகு மட்டும் இருந்தால் இளகி வளைந்து கொடுக்கும். பாரஃபின் மெழுகு சேர்த்தால் நொறுங்கி வெடிக்கும். அந்த வெடிப்புகளில் சாயம் புகுந்து நரம்புநரம்பாக ஓடும். என் பலகையில் குற்றமாகிப்போன வெடிப்பு அங்கே அழகு! கடைசியில் கொதிநீரில் அலசியோ, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து இஸ்திரி போட்டோ மெழுகை முழுவதும் எடுத்துவிடுவார்கள். ஃபையூம் முகங்களில் மெழுகே ஓவியம். பாத்திக்கில் மெழுகு தன் வேலையை முடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறது.

ஓவியம் பயின்ற கைகள் செய்த பாத்திக் ஆனதால் சென்னையில் நன்றாக விற்றது. படம் வாங்கத் தயங்கியவர்கள் துணி வாங்கத் தயங்கவில்லை. அந்த வருவாயைச் சேர்த்து 1966-இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அன்று அது மணலும் சவுக்கும் நிறைந்த வெளி. முப்பது நாற்பது கலைஞர்கள் பங்காளிகளானார்கள். குடிசைகள் எழுந்தன; பட்டறைகள் எழுந்தன; பின்னர் காட்சிக்கூடமும் திறந்தவெளி அரங்கும் வந்தன. சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்த வரலாறு இதுதான். அரசாங்க மானியத்தையோ செல்வரின் கொடையையோ நம்பாமல், தங்கள் கைத்தொழிலை மூலதனமாக்கி ஓவியர்கள் ஊர் அமைத்தது அரிய செயல். பணிக்கரின் ஓவியங்களைவிட இதுவே பெரிய படைப்பு என்பது என் கருத்து. நுண்கலை அறிந்த ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும்.

அவர் ஓவியத்தையும் அதற்காகக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஐம்பது வயதைக் கடந்து, பெயரும் பதவியும் வந்த பின், 1963 முதல் அவர் தம் பழைய பாணியை விட்டுவிட்டார். சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசை அப்போது தொடங்கியது. மலையாள எழுத்துப் போலத் தோன்றும், ஆனால் படிக்க வராத வரிகள், ஜாதகக் கட்டங்கள், யந்திரக் கோடுகள், ஓரத்தில் ஒரு பறவை அல்லது ஒரு மீன். முதலில் அச்சில் பார்த்தபோது எங்கள் ஊர்ச் சோதிடர் வீட்டு ஏட்டைப் பிரித்தது போலிருந்தது. விற்குமா என்ற கவலை இருந்திருந்தால் அந்த வயதில் இப்படித் துணிந்திருக்க முடியுமா?

1967-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். எஞ்சிய வாழ்க்கை சோழமண்டலத்தோடு பிணைந்திருந்தது. 1976-இல் லலித் கலா அகாதெமி தன் உறுப்பாண்மைச் சிறப்பை அளித்தது. 1977 சனவரியில் 65-ஆவது வயதில் காலமானார். அவர் மகன் நந்தகோபால் உலோகச் சிற்பியாகப் புகழ்பெற்று, 2017-இல் மறைந்தார்.

விடுமுறை முடியுமுன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு சோழமண்டலம் போய் வந்தேன். சவுக்குத் தோப்பு இன்று இல்லை, சுற்றிலும் மாடிவீடுகள். மரநிழலில் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. பணிக்கரின் படத்துக்கு முன் அப்பா வெகுநேரம் நின்றார். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும், இந்த இடம் ஏக்கர் இப்போது என்ன விலை போகும் என்று விசாரித்தார். பேருந்தில் திண்டிவனம் தாண்டியபோது, அந்த மெழுகுத் துணி செய்வதற்கு என்ன செலவாகும் என்று கேட்டார்.

தேர்வாணையத் தேர்வுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். தங்கையின் முகத்தை மறுபடி தொடங்கியிருக்கிறேன். இம்முறை ஒவ்வோர் அடுக்குக்கும் கரி இஸ்திரிப் பெட்டியைப் பலகைக்கு மேலே பிடித்து அனல் காட்டுகிறேன். மூக்கு வரை வந்திருக்கிறது.