புஷ்காஷ்: பெயர்களுக்கிடையே ஒரு வாழ்வு

பெயர் என்பது ஒருவரைப் பிறரிடமிருந்து பிரித்தறிய உதவும் குறி மட்டுமன்று. பெயரிடும் உரிமை யாரிடம் உள்ளது என்பதையும் அது சொல்லாமற் சொல்லும். பெற்றோர் இடும் பெயர், ஊரார் அழைக்கும் பெயர், அரசு சூட்டும் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைவது அரிது. அமைப்புகளுக்கும் இது பொருந்தும். அன்பர்கள் கூடித் தொடங்கிய ஓர் அமைப்பு, தன் பெயரையும் ஊரையும் ஆட்களையும் இழந்த பின்னும் அதே அமைப்பாக இருக்க இயலுமா? பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தார் எண்ணிப் பார்க்கத்தக்க இவ்வினாவிற்கு, ஹங்கேரிய நாட்டுக் கால்பந்துக் கழகங்களின் வரலாறு ஆழ்ந்த விடை தருகிறது. அவ்வரலாற்றை ஒரு மனிதரின் வாழ்வின் வழியே காண்பது எளிது. அவர் ஃபெரென்ஸ் புஷ்காஷ்.

ஹங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் இடுபெயரைப் பின்னும் வைத்து வழங்குபவர்கள். எனவே தாய்நாட்டில் அவர் புஷ்காஷ் ஃபெரென்ஸ். பிறந்தபோது அவர் புஷ்காஷ் அல்லர். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் புடாபெஷ்டில், செர்மானிய வழிவந்த குடும்பமொன்றில் அவர் பிறந்தார். குடும்பப் பெயர் புர்செல்ட் என்பது. 1937இல், அவருக்குப் பத்து வயதாகும்போது, அக்குடும்பம் புஷ்காஷ் என்னும் ஹங்கேரியப் பெயரை ஏற்றது. துப்பாக்கி ஏந்தியவன் என்பது அச்சொல்லின் பொருள். பின்னாளில் அவருடைய இடக்காலின் ஆற்றலைக் கண்டவர்கள், பெயருக்கேற்ற ஆட்டம் என்று வியந்திருத்தல் கூடும்.

அவர் வளர்ந்த இடம் கிஷ்பெஷ்ட். சிறிய பெஷ்ட் என்பது அப்பெயரின் பொருள். தலைநகரின் தென்கிழக்கில் அமைந்த அவ்வூர், 1950இல் புடாபெஷ்டுடன் இணைக்கப்படும் வரை தனி நகராகவே விளங்கியது. அங்கு 1909இல் உருவான கால்பந்துக் கழகத்தில் புஷ்காஷின் தந்தை முதலில் ஆட்டக்காரராகவும் பின்னர்ப் பயிற்றுநராகவும் இருந்தார். ஆடுகளத்திற்கு அருகிலேயே வீடு. பக்கத்து வீட்டுச் சிறுவன் யோசெஃப் பொஷிக், புஷ்காஷை விடச் சற்று மூத்தவன். இருவரும் தெருவில் பந்து உதைத்துப் பழகிய தோழர்கள். வயது வரம்பு தடையாக நின்றமையால், பன்னிரண்டு வயதில் முறைப்படிச் சேர்க்கப்படும் வரை, மிக்லோஷ் கோவாச் என்னும் புனைபெயரிலேயே புஷ்காஷ் கழகத்தின் சிறுவர் அணியில் ஆடினார். புனைபெயரில் எழுதத் தொடங்குவோர் பலர். புனைபெயரில் ஆடத் தொடங்கியவர் இவர். ஊராரோ இவற்றுள் எதனையும் கொள்ளாமல் அவரை ஒச்சி என்றே அழைத்தனர். நம் வழக்கில் தம்பி என்பதே அதற்கு நேரான சொல். வாழ்நாள் இறுதிவரை அவர் தம் மக்களுக்குத் தம்பியாகவே இருந்தார்.

கழகங்களும் ஆட்சிகளும்

புஷ்காஷின் காலத்திற்கு முன்பே ஹங்கேரியக் கழகங்கள் பேர்பெற்று விளங்கின. ஊய்பெஷ்ட் 1885இலும், எம்.டி.கே. 1888இலும், ஃபெரென்ஸ்வாரோஷ் 1899இலும் தோன்றியவை. இவை ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தின், ஒரு மக்கட் பிரிவின் நெஞ்சோடு கலந்தவை. ஆங்கிலேயப் பயிற்றுநர் ஜிம்மி ஹோகன் முதல் உலகப் போர்க் காலத்தில் எம்.டி.கே.வில் பயிற்றுவித்தார். 1914க்கும் 1925க்கும் இடையில் அக்கழகம் பத்து முறை தேசியப் பட்டம் வென்றது. யூத மக்களோடு நெருங்கிய தொடர்புடைய கழகமாதலின், 1940களின் தொடக்கத்தில் வெறுப்பு அரசியலுக்கு அது இரையாகி மூடுண்டது. அதன் நெடுநாளையத் தலைவர் ஆல்ஃபிரெட் புரூல் 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். ஆட்சி கழகத்தின் மீது கை வைத்தால் என்ன நிகழும் என்பதற்கு இது கொடிய சான்று.

போர் நடந்துகொண்டிருந்த 1943இல், பதினாறு வயதில், புஷ்காஷ் கிஷ்பெஷ்டின் முதல் அணியில் இடம் பெற்றார். 1945 ஆகஸ்டில் ஆஸ்திரியாவுக்கு எதிராக நாட்டு அணியில் ஆடி, முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 1947-48 பருவத்தில் மட்டும் தேசிய லீக்கில் அவர் அடித்த கோல்கள் 50.

1949இல் பொதுவுடைமை ஆட்சி கழகங்களையெல்லாம் அரசுத் துறைகளின் கீழ்க் கொணர்ந்தது. கிஷ்பெஷ்ட் கழகம் படைத்துறைக்கு உரியதாயிற்று; அதன் பெயர் ஹொன்வேத், அதாவது தாயகக் காவலன், என மாற்றப்பட்டது. ஊய்பெஷ்ட் காவல் துறைக்கும், எம்.டி.கே. இரகசியக் காவல் அமைப்பிற்கும் சென்றன. எம்.டி.கே. சில ஆண்டுகளுக்குள்ளேயே பாஷ்தியா எனவும், செங்கொடி என்று பொருள்படும் வோரோஷ் லோபொகோ எனவும் பெயர் மாறியது. ஆட்சியாளரின் ஐயத்திற்கு ஆளான ஃபெரென்ஸ்வாரோஷின் பெயரோடு பச்சை வெள்ளை நிறமும் பறிக்கப்பட்டது. 1956இல்தான் அவை மீண்டன.

நாட்டு அணியைப் பொறுப்பேற்ற குஸ்தாவ் ஷெபெஷ், சிறந்த ஆட்டக்காரரை ஓரிரு கழகங்களில் திரட்டினால் அவர்கள் நாள்தோறும் சேர்ந்து பயிலலாம் எனக் கருதினார். கட்டாயப் படைப்பணி அதற்கு வழியமைத்தது. கோச்சிஷ், சிபோர், குரோசிச் முதலியோர் ஹொன்வேத்திற்கு வந்து சேர்ந்தனர். புஷ்காஷுக்கும் படைப்பதவி கிடைத்தது. பாய்ந்தோடும் மேஜர் என வெளிநாட்டார் அவரை அழைத்தனர். 1950க்கும் 1955க்கும் இடையில் ஹொன்வேத் ஐந்து முறை தேசியப் பட்டம் பெற்றது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அவ்வெற்றிகள் பிற கழகங்களின் இழப்பின் மீது எழுந்தவை. புஷ்காஷும் தோழர்களும் அவ்வமைப்பின் பயனைத் துய்த்தனர். வெளிநாடு சென்று திரும்புகையில் நாட்டில் கிடைக்காத பொருள்களைக் கொணர்ந்து விற்றதும், அதிகாரிகள் அதைக் கண்டும் காணாதிருந்ததும் யாவரும் அறிந்தவை. புஷ்காஷ் கலகக்காரர் அல்லர். தமக்குக் கிடைத்த இடத்தில் அழகாக ஆடியவர். அவ்வளவே.

உச்சமும் வீழ்ச்சியும்

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹங்கேரி தங்கம் வென்றது. 1953 நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தை 6-3 எனத் தோற்கடித்தது. ஐரோப்பிய நிலப்பரப்பிலிருந்து வந்த ஓர் அணியிடம் இங்கிலாந்து தன் சொந்த மண்ணில் தோற்றது அதுவே முதன்முறை. அன்று மூன்று கோல்கள் அடித்த ஹிதெக்குட்டி, எம்.டி.கே.வின் ஆட்டக்காரர். நடு முன்னணி வீரரைச் சற்றுப் பின்னிறுத்தி ஆடவைக்கும் முறை, அக்கழகப் பயிற்றுநர் மார்டன் புகோவி வளர்த்தெடுத்தது. தன்னைத் தடுக்கப் பாய்ந்த இங்கிலாந்துத் தலைவர் பில்லி ரைட் வெறுந்தரையில் சறுக்கிச் செல்ல, புஷ்காஷ் பந்தை உள்ளங்காலால் பின்னிழுத்து அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. அடுத்த மே மாதம் புடாபெஷ்டில் ஹங்கேரி 7-1 என மீண்டும் வென்றது.

1954 ஜூலை 4ஆம் நாள் பெர்ன் நகரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நான்காண்டுகளாகத் தோல்வி அறியாத அணி ஹங்கேரி. முதற்கட்ட ஆட்டத்தில் மேற்கு செர்மனியை 8-3 என வென்றபோது புஷ்காஷின் கணுக்கால் புண்பட்டிருந்தது. எனினும் அதே செர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கி ஆறாம் நிமிடத்தில் கோல் அடித்தார். எட்டு நிமிடங்களில் 2-0 என முந்திய ஹங்கேரி, முடிவில் 2-3 எனத் தோற்றது. கடைசி நிமிடங்களில் புஷ்காஷ் அடித்த கோல் ஆஃப்சைடு எனத் தள்ளப்பட்டது. வெற்றியைத் தன் விளம்பரமாகக் கொண்டிருந்த ஆட்சிக்குத் தோல்வி பெருஞ்சுமையாயிற்று. புடாபெஷ்டில் மக்கள் சினந்து தெருவில் இறங்கினர்.

அவ்வாண்டு டிசம்பரில் ஹொன்வேத் இங்கிலாந்து சென்று உல்வர்ஹாம்ப்டன் கழகத்திடம் 2-3 எனத் தோற்றது. வென்ற கழகமே உலகில் தலைசிறந்தது என ஆங்கில இதழ்கள் முழங்கின. அதை ஏற்க மறுத்த பிரெஞ்சு இதழாளர் கப்ரியேல் ஆனோ, கழகங்களுக்கிடையே முறையான போட்டி வேண்டும் என வலியுறுத்தினார். 1955இல் தோன்றிய ஐரோப்பியக் கோப்பைக்கு வித்திட்டவற்றுள் ஹொன்வேத்தின் அத்தோல்வியும் ஒன்று.

அக்கோப்பையே கழகம் சிதறுவதற்கும் களமானது. 1956 அக்டோபர் 23இல் ஹங்கேரியப் புரட்சி வெடித்தது. நவம்பர் 4இல் சோவியத் படைகள் தலைநகரை மிதித்தன. சண்டையில் புஷ்காஷ் இறந்தார் என்ற வதந்தியும் வெளிநாடுகளில் பரவியது. அவரோ கழகத்தோடு நாட்டுக்கு வெளியே இருந்தார். நவம்பர் 22இல் பில்பாவோவில் 2-3 என்ற தோல்வி. மறு ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட இயலவில்லை. பிரசெல்ஸில் ஆடி 3-3 எனச் சமன் செய்து வெளியேறினர். அதன்பின் நாடு திரும்பாமல், அதிகாரிகளின் தடையை மீறி, தென்னமெரிக்கச் சுற்றுப்பயணம் மேற்கொண்டனர். உலகக் கால்பந்துச் சம்மேளனம் அவர்களை முறையற்ற அணியென அறிவித்து, ஹொன்வேத் என்ற பெயரைப் பயன்படுத்தவும் தடை விதித்தது. அரசு திணித்த பெயரை, அரசின் பொருட்டே அவர்களிடமிருந்து பறித்தது வரலாற்றின் விந்தை. ஆட்டக்காரர்கள் இருந்தனர், கழகம் இல்லை. புடாபெஷ்டில் கழகம் இருந்தது, ஆட்டக்காரர்கள் இல்லை.

1957இல் அவர்கள் பிரிந்தனர். பொஷிக் தாயகம் திரும்பினார். புஷ்காஷும் கோச்சிஷும் சிபோரும் திரும்பவில்லை. ஒரே தெருவில் பந்து உதைத்த இருவருள் ஒருவர் போனார், ஒருவர் நின்றார். இருவருள் யார் செய்தது சரி என்று தீர்ப்புரைக்கும் உரிமை, அந்நிலையில் நில்லாத நமக்கில்லை.

அயல்மண்ணில்

ஈராண்டுத் தடை, உடல் பெருத்தது, வயது முப்பதைக் கடந்தது. 1958இல் ரியல் மாட்ரிட் கழகம் அவரை ஏற்றபோது அது வீண்செலவு எனக் கருதியோர் பலர். 1960 மே 18ஆம் நாள் கிளாஸ்கோவில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மாட்ரிட் 7-3 என வென்றது. அவற்றுள் நான்கு கோல்கள் புஷ்காஷுடையவை. ஸ்பானிய மக்கள் அவருக்குப் பாஞ்சோ என்று பெயரிட்டனர். சிறுபீரங்கி என்றும் கொண்டாடினர். ஸ்பானியக் குடியுரிமை பெற்று 1962 உலகக் கோப்பையில் அந்நாட்டுக்காக ஆடினார். ஹங்கேரிக்கு 85 ஆட்டங்களில் 84 கோல்கள் அடித்தவர், ஸ்பெயினுக்கு ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒன்றும் அடிக்கவில்லை. இதற்குக் காரணம் தேடுவோர் தேடலாம். வயது ஒன்றே போதிய காரணம். ஆயினும் கவிஞர் மனம் அவ்விடையோடு அமைவதில்லை.

பின்னர்ப் பயிற்றுநராகப் பல கண்டங்களில் பணிபுரிந்தார். 1971இல் கிரேக்கக் கழகமான பனாதினைகோஸை ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கு, அதே வெம்பிளி அரங்கிற்கு, அழைத்துச் சென்றார். 1991இல் ஆஸ்திரேலியாவில், கிரேக்கக் குடியேறிகளின் கழகமான தென் மெல்போர்னுக்குப் பட்டம் பெற்றுத் தந்தார்.

1981இல்தான் தாயகத்தை மீண்டும் காண வாய்த்தது. மக்கள் திரண்டு வரவேற்றனர். பொஷிக் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. 1990களின் தொடக்கத்தில் அவர் புடாபெஷ்டிலேயே நிலையாகத் தங்கினார். முதுமையில் மறதிநோய் பற்றியது. 2002இல் தேசிய அரங்கிற்கு அவர் பெயரை அரசு சூட்டியபோது, பெயர்கள் அவர் நினைவிலிருந்து நழுவிக்கொண்டிருந்தன. 2006 நவம்பர் 17இல் காலமானார். புனித ஸ்டீபன் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பழைய அரங்கு இடிக்கப்பட்டு அவ்விடத்தில் 2019இல் திறக்கப்பட்ட புதிய அரங்கும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

கழகம் என்னாயிற்று? 1955க்குப்பின் அடுத்த தேசியப் பட்டத்திற்காக ஹொன்வேத் 1980 வரை காத்திருந்தது. 1991இல் கிஷ்பெஷ்ட் என்னும் பழைய பெயர் சில காலம் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2017இல் பதினான்காவது பட்டத்தை வென்ற கழகம், 2023இல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அதன் ஆடுகளம் பொஷிக்கின் பெயரைத் தாங்குகிறது. திரும்பாதவர் பெயரால் நாட்டின் அரங்கும், திரும்பியவர் பெயரால் ஊரின் அரங்கும் அமைந்துள்ளன.

அரசு இட்ட பெயர்களுள் செங்கொடி மறைந்தது, ஹொன்வேத் நிலைத்தது. ஆணையாக வந்த சொல்லையும் மக்கள் தம் உழைப்பாலும் துயராலும் தமதாக்கிக்கொள்ள முடியும் என்பதையே இது காட்டுகிறது. பெயரைக் காப்பது ஆவணம் அன்று. அப்பெயரைச் சொல்லிக் கூடும் மனிதரே. எந்த ஆணையாலும் சூட்டவும் நீக்கவும் இயலாத பெயர் ஒன்று உண்டு. பேராலயத்தில் துயிலும் அப்பெருவீரரை ஹங்கேரியர் இன்றும் ஒச்சி என்றே அழைக்கின்றனர்.