மிஸ் மார்பிளாக வந்த மார்கரெட் ரதர்போர்ட்

பெண்கள் பாடசாலையில் படித்த எவரும் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய ஆங்கிலப் படம் ஒன்று உண்டு. 1950 இல் வந்தது. அமைச்சின் தவறால் ஆண்கள் பாடசாலை ஒன்றுக்குள் ஒரு பெண்கள் பாடசாலை முழுவதும் வந்திறங்கிவிடும். அதன் அதிபராக நடித்தவர் மார்கரெட் ரதர்போர்ட். அகன்ற தாடையை முன்னே நீட்டி அவர் நடந்து வரும்போது, எமது விடுதிச் சாலையில் காலடி கேட்டதும் நாம் கதிரைகளைச் சரிசெய்த நாட்கள் எனக்கு நினைவு வந்தன. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அவருடைய வாழ்க்கையைப் பிறகுதான் அறிந்தேன்.

1892 இல் லண்டனில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், தந்தை மனநோயின் உச்சத்தில் தன் சொந்தத் தகப்பனாரையே கொன்று, புரோட்மூர் மனநோய் வைத்தியசாலையில் அடைக்கப்பட்டிருந்தார். குணமாகி வெளியே வந்ததும் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு, மனைவி பிள்ளையோடு மதராசுக்குப் போனார். அங்கே, கருவுற்றிருந்த தாய் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று வயதில் மார்கரெட் இங்கிலாந்துக்குத் திரும்பி, விம்பிள்டனில் இருந்த பெஸி அத்தையிடம் வளர்ந்தார். தந்தையும் இறந்துவிட்டதாகவே அவருக்குச் சொல்லப்பட்டது. 12 வயதில்தான் அவர் உயிரோடு, மீண்டும் புரோட்மூரில் இருப்பது தெரியவந்தது.

கிளினிக்கில் குடும்ப வரலாறு கேட்கும்போது எம் தாய்மார் பலர் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். அன்பினால்தான் மறைக்கிறார்கள், பெஸி அத்தையும் அப்படித்தான். ஆனால் அந்த நோய் தனக்கும் வருமோ என்ற பயம் மார்கரெட்டைக் கடைசிவரை விடவில்லை. மனச்சோர்வும் அவ்வப்போது வந்து போயிற்று.

நெடுங்காலம் பியானோவும் பேச்சுக்கலையும் கற்பித்தார். சைக்கிளில் வீடு வீடாகப் போவார். அத்தை விட்டுச்சென்ற சிறு பணத்தைக் கொண்டு 1925 இல், 33 வயதில், ஓல்ட் விக் நாடக அரங்கில் சேர்ந்தார். கதாநாயகிக்குரிய முகம் இல்லை. குணசித்திர வேடங்களே கிடைத்தன. அவற்றில் பெயர் எடுக்க மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

1941 இல் நோயல் கவர்டின் நாடகத்தில் ஆவிகளோடு பேசும் மேடம் ஆர்கட்டியாக வந்தார். ஆவியுலகத் தொடர்பை நம்புவோரை ஏளனம் செய்ய மனமில்லாமல் முதலில் தயங்கியவர், அந்தப் பாத்திரத்தை முழு மனதோடு நம்பியே நடித்தார். சிரிப்பு அங்கிருந்துதான் பிறந்தது என்பது என் எண்ணம். குண்டு விழுந்த நகரத்தில் மக்கள் நாடகம் பார்க்கப் போனார்கள். அது ஏன் என்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

1945 இல், 52 வயதில், நடிகர் ஸ்ட்ரிங்கர் டேவிஸை மணந்தார். 1961 முதல் 1964 வரை வந்த நான்கு மிஸ் மார்பிள் படங்களில் தன் சொந்த உடைகளையே அணிந்தார். கணவருக்கும் ஒரு வேடம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அகதா கிறிஸ்டி எழுதிய மெலிந்த மார்பிள் இவரல்லர். ஆனாலும் கிறிஸ்டி 1962 இல் ஒரு நாவலை இவருக்கே சமர்ப்பித்தார். 1963 இல் வந்த படமொன்றில் வறுமைப்பட்ட சீமாட்டியாக நடித்ததற்கு ஒஸ்கார் விருது கிடைத்தபோது வயது 71. 1967 இல் ‘டேம்’ பட்டமும் வந்தது.

வாழ்நாள் முழுவதும் பயந்த நோய் அவரைக் கொண்டுபோகவில்லை. வந்தது அல்சைமர். வசனங்கள் மறந்தன. கணவர் பக்கத்திலேயே இருந்து பராமரித்தார். 1972 மே 22 இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு ஸ்ட்ரிங்கரும் போய்ச் சேர்ந்தார்.