அர்ச். கொர்த்தோனா மார்கரீத்தம்மாள்

இத்தாலியா தேசத்தில், தொஸ்கானா நாட்டு மலையொன்றின்மேல் கொர்த்தோனா என்னும் பட்டணம் இருக்கிறது. அந்தப் பட்டணத்தாரின் பாதுகாவலி கன்னிகையுமல்ல, வேதசாட்சியுமல்ல. ஒன்பது வருஷகாலம் ஊரறியப் பாவத்தில் சீவித்த ஒரு ஸ்திரீ.

மார்கரீத்தம்மாள் 1247-ம் ஆண்டு லவியானோ கிராமத்தில் ஒரு குடியானவன் மகளாய்ப் பிறந்தாள். ஏழு வயதில் தாயை இழந்தாள். தகப்பன் மறுமணம் செய்துகொண்டான். வந்த சிற்றன்னைக்கும் சிறுமிக்கும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் கிடையாத அன்பை வெளியே தேடிப்போகும் பிள்ளைகளை நாமும் அறிவோம். பதினேழு வயதளவில், மோந்தெபுல்சியானோ ஊரைச் சேர்ந்த ஒரு பிரபு கலியாண வாக்குக் கொடுத்து அழைக்க, அவனோடு போய்விட்டாள். பட்டும் நகையும் கிடைத்தன, கலியாணம் நடக்கவில்லை. ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்நாட்களிலும் ஏழைகளுக்கு அவள் கை மூடியிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஒருநாள் வெளியே சென்ற பிரபு திரும்பவில்லை. அவனுடைய நாய் மாத்திரம் வந்து, அவள் சேலைத் தொங்கலைக் கவ்வி இழுத்தது. அதன் பின்னே காட்டுக்குள் போனவள், வெட்டுண்டு, மரக்கிளைகளால் மூடிக்கிடந்த அவன் சடலத்தைக் கண்டாள். இந்த ஆத்துமம் இப்போது எங்கே இருக்கும், நான் செத்திருந்தால் எங்கே இருப்பேன் என்ற எண்ணம் அவளைப் பிடித்துக்கொண்டது.

நகைகளை எல்லாம் அவன் வீட்டாரிடம் ஒப்புவித்துவிட்டு, பிள்ளையுடன் தகப்பன் வீட்டுக்குப் போனாள். ஊதாரிப் பிள்ளையின் தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டான் என்று சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. சிற்றன்னை இடங்கொடுக்கவில்லை, தகப்பனும் அதற்கு இணங்கினான். கொர்த்தோனாவில் இரண்டு பெண்கள்தான் தாயையும் மகனையும் தங்கள் வீட்டில் சேர்த்து, அர்ச். பிராஞ்சீஸ்கு சபைக் குருக்களிடம் அனுப்பிவைத்தார்கள்.

அவர்களும் உடனே நம்பிவிடவில்லை. இளவயது, அழகு வேறு. மூன்று வருஷம் காக்க வைத்து, 1277-ம் ஆண்டில் மூன்றாம் சபை உடுப்பைக் கொடுத்தார்கள். அவள் தவமோ கடுமையானது: ஒருசந்தி, தரையில் படுக்கை, கண்விழிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் கயிற்றோடு லவியானோ கோவிலுக்குப் போய், சனங்கள் முன்பாக மன்னிப்புக் கேட்டாள். தன் முகத்தைச் சிதைத்துக்கொள்ளவும் துணிந்தபோது, அவளுடைய ஆத்தும குருவான ஜூந்தா சுவாமியார் கண்டிப்பாய்த் தடுத்துவிட்டார். தடுத்தது சரியே. தன்னிஷ்டத்துக்குச் செய்யும் தவத்தைக் காட்டிலும் கீழ்ப்படிதல் பெரிதல்லவா! மகனையும் அவள் கடினமாகவே வளர்த்தாள். அந்தப் பகுதியை வாசிக்கையில் நமக்கு மனம் நோகத்தான் செய்கிறது. அந்தப் பையன் பிற்காலத்தில் அதே சபையில் சேர்ந்தான்.

அவளுடைய தவத்துக்குச் சரியான வழி நோயாளிகளிடத்தில் கிடைத்தது. முதலில் பிரசவமான பெண்களுக்குப் பணிவிடை செய்து பிழைத்தவள், பிறகு தெருவில் கிடந்த வியாதிக்காரரைத் தன் சிறு குடிசைக்குள் கொண்டுவந்தாள். பிச்சையாய்க் கிடைத்த முழு அப்பம் அவர்களுக்கு, துண்டு துணுக்கு தனக்கு. பட்டணத்தாரின் உதவியோடு இரக்கத்தின் மாதா பேரால் ஒரு தர்ம ஆஸ்பத்திரி எழும்பிற்று. அங்கே ஊழியம் செய்ய எளிய ஸ்திரீகளைச் சேர்த்தாள்; 1286-ல் மேற்றிராணியாரும் அதற்கு உத்தரவளித்தார்.

இவ்வளவு செய்தும் ஊர் வாய் மூடியதா? இல்லை. அவளையும் ஜூந்தா சுவாமியாரையும் இணைத்துப் பேசத் தொடங்கினார்கள். பழைய பாவம் ஒன்று இருந்துவிட்டால், புதிதாய் ஒன்றைக் கட்டிவிடுவது சுலபம். சுவாமியாரைச் சியென்னா பட்டணத்துக்கு மாற்றினார்கள். நடந்தது ஒன்றுமில்லை, நடந்ததாகச் சொன்னதே போதுமாயிருந்தது. அவள் எவரோடும் வழக்காடவில்லை. மலை உச்சியில் இடிந்துகிடந்த அர்ச். பசிலியார் கோவிலருகே ஓர் அறையில் ஒதுங்கினாள். தூற்றினவர்களின் தெருவிலிருந்தும் நோயாளிகளும் பாவிகளும் மலையேறி அவளைத் தேடி வந்தார்கள்.

சுவாமியார் பல வருஷங்களுக்குப்பின் திரும்பிவந்தார். 1297-ம் ஆண்டு பெப்ருவரி 22-ந் தேதி, தன் ஐம்பதாம் வயதில் அவள் மரித்தாள். அவள் சரித்திரத்தை எழுதிவைத்தவரும் அந்தச் சுவாமியாரே. 1728-ல் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பரசர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். அவள் சரீரம் அந்த மலைமேலுள்ள கோவிலில் இருக்கிறது. அவளுடைய படங்கள் பலவற்றில், காலடியில் அந்த நாயையும் வரைந்திருப்பார்கள்.