மதுரவாயலில் ஒரு விஞ்ஞானி

சந்திப்பு மலருக்கு நீயும் ஏதாவது எழுதித்தான் ஆகணும் என்று சங்கத் தோழியர் விடாப்பிடியாகக் கேட்டபோது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதலாமென்றுதான் முதலில் நினைத்தேன். அதை என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நிறைய உண்டு. அதனால், பல வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு வெட்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1978 முதல் 1981 வரை நம் கல்லூரியில் தாவரவியல் படித்தவள் நான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் இருந்த சித்தி வீட்டுக்கு பஸ் ஏறுவேன். வழியில் மதுரவாயல் வரும். அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் விஞ்ஞானி அப்போதும் செடிகளோடு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள். மெண்டலின் பட்டாணியை மூன்று வருஷமும் உருப்போட்ட எனக்கு, இந்தப் பெயரை ஒரு வகுப்பில்கூடக் கேட்ட ஞாபகம் இல்லை. 1984 பிப்ரவரியில் அவர் மறைந்த பிறகுதான், பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது தெரிந்துகொண்டேன். எத்தனை தடவை அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கேன்!

அன்று தொடங்கி அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். அப்பா சப் ஜட்ஜ். வீடு நிறையப் பிள்ளைகள். சகோதரிகள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போக, இவர் மட்டும் படிப்பைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரை மணம் செய்துகொள்ளவே இல்லை. சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1921-ல் தாவரவியலில் ஆனர்ஸ். பிறகு பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறி, 1931-ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். நம்மூரில் பெண்கள் பள்ளிப் படிப்பை முடிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது!

1934-ல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அவர் வேலையைக் கொஞ்சம் விளக்கணும். தடித்த இனிப்புக் கரும்பு வடநாட்டுக் குளிரையும் நோயையும் தாங்காது. ஆற்றங்கரை நாணலோ எதையும் தாங்கும். ஆனால் இனிப்பு இல்லை. இரண்டையும் இணைத்துப் புது ரகம் உண்டாக்குவதுதான் அந்த நிலையத்தின் பணி. இப்படிக் கலக்கும்போது குரோமோசோம்களின் கணக்கு என்ன ஆகிறது, எந்தக் கலப்பு விதை வைக்கும், எது மலடாகும் என்பதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்த்துச் சொன்னவர் ஜானகி அம்மாள். கரும்பைச் சோளத்தோடும் மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்தார். ஆனால் தனியாக வாழும் பெண், அதிலும் தாழ்வாகப் பார்க்கப்பட்ட தீயர் சமூகத்துப் பெண் என்பதால், ஆண்களே நிறைந்த அந்த இடத்தில் அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை.

1939-ல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனவரை உலகப் போர் அங்கேயே நிறுத்திவிட்டது. லண்டனில் குண்டு விழுந்த நாட்களிலும் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் வேலை செய்தார். சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-ல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில், கோல்கிசின் என்ற மருந்தால் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அப்படி உண்டான மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1951-ல் நேரு அழைக்க, நாடு திரும்பி இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கும் பணியில் இறங்கினார். 1955-ல் மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பது பற்றிப் பிரின்ஸ்டனில் நடந்த கருத்தரங்கில், உலகெங்கிலுமிருந்து வந்த அறிஞர்களுக்கு நடுவே அவர் ஒருவர்தான் பெண். 1970 முதல் சென்னைவாசி. 1977-ல் பத்மஸ்ரீ. அணைத் திட்டம் வந்தால் அழிந்துபோகுமே என்று, கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்க அந்த வயதிலும் குரல் கொடுத்தார். அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பரில். பார்க்க அவர் இல்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பி.எஸ்சி. முடித்ததும் எம்.எஸ்சி.க்கு எனக்கு இடம் கிடைத்தது. பொண்ணுக்கு இவ்வளவு போதும், ராத்திரி வரை லேபில் உட்கார்ந்தால் யார் கட்டிப்பாங்க என்று வீட்டில் சொன்னார்கள். எதிர்த்துப் பேச எனக்கு வார்த்தை இல்லை. இதோ இந்த அம்மா செய்திருக்காங்களே என்று அப்பாவிடம் காட்ட ஒரு பெயர்கூட என்னிடம் இல்லை. பி.எட். படித்து ஆசிரியையானேன், அந்த வேலையை மனசாரத்தான் செய்தேன். ஆனாலும் அந்தப் பெயர் தெரிந்திருந்தால் ஒரு தடவையாவது வாதாடிப் பார்த்திருப்பேன்.

தங்கைகளே, இன்று உங்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் சட்டம் வந்தது. 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. எங்கள் காலத்தில் இதையெல்லாம் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் சட்டத்தால் உங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து அப்பாவிடம் பேச முடியாது. அதற்கு முன்னே போனவர்களின் கதை வேணும். அதைச் சொல்ல ஆளும் வேணும்.

கொடைக்கானலில் ரோஜா வகைகளை உருவாக்கிய வீரராகவன், கிரிஜா தம்பதியர் ஒரு ரோஜாவுக்கு ஜானகி அம்மாள் பெயரைச் சூட்டினார்கள். நாமும் நம்மால் ஆனதைச் செய்யலாமே. அவருடைய படம் ஒன்றைச் சட்டம் போட்டு இந்தச் சந்திப்புக்குக் கொண்டுவருகிறேன். தாவரவியல் லேபில் மாட்ட முதல்வர் அனுமதிக்க வேண்டும். இன்னொன்று. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, வீட்டில் தயங்குகிற மாணவி யாராவது இருந்தால் சங்கத்தில் சொல்லி வையுங்கள். எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி வந்து உங்கள் அப்பா அம்மாவிடம் நான் பேசுகிறேன். இந்தத் தடவை ஊரைத் தாண்டிப் போக மாட்டேன், இறங்கிவிடுவேன்.