அல்லாமா இக்பாலின் ஆராய்ச்சி நூலாகிய வரலாறு

அல்லாமா முஹம்மது இக்பாலைக் கவிஞராக அறியாதவர் நம்மிடையே அரிது. ஆனால் அவர் டாக்டர் பட்டத்திற்காக எழுதிய ஆராய்ச்சி நூலாக வெளிவந்த வரலாற்றைப் பலர் அறியார். வணிகப் பெருமக்களாகிய நமக்கு அதில் நல்லதொரு படிப்பினை உண்டு.

இக்பால் 1877-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பஞ்சாபைச் சேர்ந்த சியால்கோட்டில் பிறந்தார். தந்தையார் ஷெய்கு நூர் முஹம்மது தையல் தொழிலாளர். பள்ளிப் படிப்பு இல்லாதவர். மார்க்கப் பற்று மிக்கவர். மகன் லாகூர் அரசினர் கல்லூரியில் தத்துவம் பயின்று 1899-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே பேராசிரியர் தாமஸ் ஆர்னால்டு அவருக்கு ஆசானாக வாய்த்தார். மறு ஆண்டே, சூஃபி ஞானி அப்துல் கரீம் அல்ஜீலியைப் பற்றி இக்பால் எழுதிய கட்டுரை பம்பாய் ஆராய்ச்சி ஏடு ஒன்றில் வெளிவந்தது. பின்னாளில் விளைந்த நூலுக்கு அதுவே வித்து.

1905-இல் இக்பால் சீமைக்குப் புறப்பட்டார். செலவுக்குப் பெரிதும் கை கொடுத்தவர் மூத்த சகோதரர் அதா முஹம்மது. கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டே பாரசீகத் தத்துவ வளர்ச்சியை ஆராய்ந்தார். ஜரதுஷ்டிரர் காலம் முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீளும் பெரும் பொருள் அது. வேண்டிய நூல்கள் பல அச்சேறவே இல்லை. பெர்லின் அரச நூலகம் முதலிய இடங்களில் இருந்த கையெழுத்துப் பிரதிகளைக் கொண்டே வேலை நடந்தது.

அவ்வாராய்ச்சியை ஜெர்மனியின் மியூனிக் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். ஆங்கிலத்திலேயே எழுத அனுமதி கிடைத்தது. ஜெர்மன் மொழியைக் கற்க ஹைடல்பர்க் நகரில் தங்கினார். 1907 நவம்பரில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆராய்ச்சியை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைப்பது அந்நாளில் ஜெர்மன் சர்வகலாசாலைகளின் விதி. கடமைக்குச் சில பிரதிகள் அச்சிட்டு அத்துடன் விட்டவர்கள் உண்டு. இக்பாலின் ஆராய்ச்சியோ கீழ்நாட்டு நூல்களுக்குப் பெயர்பெற்ற லண்டன் லூசாக் கம்பெனியாரால் 1908-இல் நூலாக வெளியிடப்பட்டது. பக்கங்கள் ஏறத்தாழ 200. ஆசான் ஆர்னால்டுக்கே அதைக் காணிக்கையாக்கினார். பரீட்சையாளர் சிலர் மட்டும் பார்த்திருக்க வேண்டிய ஏடு, விலை கொடுத்து வாங்குவோர் எவரும் எடைபோடக்கூடிய சரக்காகக் கடைத்தெருவுக்கு வந்தது.

நூலை எழுதியவரும் அதை எடைபோடத் தவறவில்லை. அந்நூலில் தாம் போற்றிய சூஃபிக் கருத்துகள் சிலவற்றை, 1915-இல் வெளியிட்ட அஸ்ராரே குதீ என்னும் பாரசீகக் காவியத்தில் தாமே மறுத்தார். சொன்னதை மாற்றிக்கொள்வதை அவர் இழிவாகக் கருதவில்லை.

அவருடைய மற்றொரு பெரும் தத்துவ நூலுக்கும் நம் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. 1929 ஜனவரியில் சென்னை முஸ்லிம் சங்கத்தாரின் அழைப்பில் அவர் அங்கே சொற்பொழிவாற்றினார். அம்முயற்சிக்குப் பொருளுதவி செய்தவர் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாகிப். 1951-இல் தொடங்கிய திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான். ஹைதராபாத், அலிகர் நகரங்களிலும் நிகழ்த்தப்பெற்ற அச்சொற்பொழிவுகள் ஆறும் 1930-இல் லாகூரில் நூலாயின. ஏழாவதும் சேர்ந்து 1934-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பாக உலகெங்கும் சென்றன.

1938 ஏப்ரல் 21-ஆம் நாள் அல்லாமா லாகூரில் காலமானார்.

கல்வியாளர் உழைப்பு ஒரு பங்கு. அதை அச்சேற்றும் பொருள் மறு பங்கு. முதல் நூலை எழுதிய காலத்தில் துணை நின்றது சகோதரரின் சம்பாத்தியம். பின் நூல் பிறக்கத் துணை நின்றது தோல் வணிகரின் லாபம். பட்டம் பெற்ற நம் பிள்ளைகளின் ஆராய்ச்சி ஏடுகள் நூலக அலமாரியில் தூங்குகின்றனவா என்று நாம் விசாரிக்க வேண்டும். அச்சுக் கூலிக்கு உதவி நாடி ஓர் இளைஞர் நம் கடைப்படி ஏறினால், வெறுங்கையோடு அவரைத் திருப்பி அனுப்பலாகாது.