43 வேலித் தீவும் பாஸ்கர சேதுபதியும்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலத்தை வேலிக் கணக்கில் சொல்வார்கள். 43 வேலி இருந்தால் பெரிய மிராசுதார்! ஏறக்குறைய அவ்வளவு பரப்புள்ள தீவு ஒன்று, ராமேசுவரத்துக்கு வடகிழக்கே கடலில் இருக்கிறது. அதுதான் கச்சத்தீவு. மொத்தம் 285 ஏக்கர். ஆனால், ஒரு மரக்கால் நெல்கூட அங்கே விளையாது. குடிக்க நல்ல தண்ணீரும் கிடையாது.

இந்தத் தீவு ஒரு காலத்தில் ராமநாதபுரம் ஜமீனின் சொத்து. அந்த ஜமீனின் புகழ் பெற்ற ராஜா பாஸ்கர சேதுபதி.

சிறுவனின் சொத்து

அவர் பிறந்தது 1868-ம் ஆண்டு. தகப்பனார் முத்துராமலிங்க சேதுபதி 1873-ல் காலமானார். வாரிசோ சின்னஞ்சிறு குழந்தை! ஆகவே, வெள்ளைக்கார சர்க்கார் ஜமீனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பையனைச் சென்னையில் படிக்க வைத்தது.

1880-ல் சர்க்கார் அதிகாரி எட்வர்டு டர்னர், ஜமீனைச் சேர்ந்த 70 கிராமங்களிலும் 11 தீவுகளிலும் சாயவேர் எடுக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார். துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் வேர் அது. அந்த 11 தீவுகளில் கச்சத்தீவும் ஒன்று. அப்போது ராஜாவுக்கு வயது 11.

அள்ளிக் கொடுத்த கை

1889-ல் ஜமீன் அவர் கைக்கு வந்தது. புலவர்களுக்கும் கோயில்களுக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தார். விவேகானந்தரை அமெரிக்கா போகும்படி தூண்டியவர்களில் இவரும் ஒருவர். 1897-ல் சுவாமி பாம்பனில் வந்து இறங்கியபோது, வண்டியில் பூட்டியிருந்த குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஜனங்களே இழுத்தார்கள். அவர்களோடு சேர்ந்து ராஜாவும் இழுத்தார்!

கொடுத்த கை ஓயவில்லை. கடனும் ஓயவில்லை. கடைசியில் ஜமீன் நிர்வாகம் டிரஸ்டிகளிடம் போயிற்று. 1903-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ராஜா கண்ணை மூடினார். வயது 35தான்.

பேசிய காகிதம்

1948-ம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. கச்சத்தீவை இலங்கையும் தன்னுடையது என்று சொல்லிவந்தது. ராஜா சிறுவனாக இருந்தபோது எழுதிய அந்தக் குத்தகைச் சீட்டு, தீவு நம்முடையதே என்பவர்களுக்குப் பெரிய சாட்சியாயிற்று. ஆனாலும், 1974-ல் இரண்டு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் தீவு இலங்கைக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டு மீனவர்களின் மனக்குறை இன்றும் தீரவில்லை.

அங்கே அந்தோணியார் கோயில் இருக்கிறது. அதன் திருவிழாவில் இரு கரைத் தமிழர்களும் கூடுவது வழக்கம்.

கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தவர் பாஸ்கர சேதுபதி. ஆனால் கச்சத்தீவு அவர் கொடுத்த தானம் அல்ல. அவர் மறைந்து 70 ஆண்டுகளுக்குப் பிறகு, மற்றவர்கள் போட்ட கையெழுத்தால் கைமாறிய சொத்து அது!