அட்டையால் ஆலை நடத்திய தாயிச்சி ஓனோ

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான என் தந்தைக்கு, வெட்டிய துணி மலைபோல் குவிந்திருந்தால்தான் மனநிறைவு. சென்ற விடுமுறையில் நானும் அங்கே கைமடிக்கச் சென்றேன். ஒருநாள் கழுத்துப்பட்டியின் அளவு தவறியிருந்தது ஓவர்லாக்கில் தைக்கும்போதுதான் தெரிந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கில் வெட்டிக் குவித்துவிட்டோம். அந்த வேதனையோடு நூலகத்தில் தேடியபோது அறிமுகமானவரே தாயிச்சி ஓனோ.

1912-இல் சீனத்தின் தாலியன் நகரில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்த ஓனோ, 1932-இல் முதலில் வேலைக்குச் சேர்ந்தது டொயோடாவின் நூற்பு நெசவு ஆலையில் என்பது பின்னலாடை நகரத்தவரான நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் சகிச்சி டொயோடா உருவாக்கியிருந்தார். பிழை நேர்ந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்ற பாடத்தை ஓனோ அங்கே கற்றார்.

1943-இல் மோட்டார் தொழிற்சாலைக்கு மாறினார். போருக்குப் பிந்தைய வறுமையில் தேவைக்கு மேல் செய்து குவிப்பதே பெரிய வீண் என்று கண்டார். அமெரிக்கப் பேரங்காடிகளில், வாங்குவோர் எடுத்த அளவுக்கே அடுக்கு நிரப்பப்படும். அம்முறையை 1953-இல் தம் இயந்திரப் பிரிவில் புகுத்தினார். அடுத்த பிரிவார் பொருளை எடுக்கும்போது அதனுடன் இருந்த அட்டை முன்பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் புதிதாகச் செய்யலாம். அந்த அட்டையே கன்பான். எதிர்ப்புகளைத் தாண்டி 1962-இல் அது நிறுவனம் முழுதும் பரவியது. 1990-இல் ஓனோ மறைந்தார்.

பின்னாளில் கணினித் துறையினர் இதையே பணிப்பலகையாக்கினர். தொடங்குவது எளிது. ஒரு பலகையில் செய்ய வேண்டியவை, செய்பவை, முடிந்தவை என மூன்று கட்டங்கள் வரைந்து, வேலைக்கொரு சீட்டு ஒட்ட வேண்டும். நடுக்கட்டத்துக்கு ஓர் எல்லை வைக்க வேண்டும். எல்லை நிரம்பினால் புதியதைத் தொடங்கக் கூடாது. பலகையின் உயிரே இந்த எல்லைதான்.

தந்தையிடம் சொன்னேன். ஓவர்லாக்குக்கு ஐந்து கட்டுகளுக்கு மேல் காத்திருந்தால் கத்தரியை வைத்துவிடலாமே என்றேன். கை ஓய்ந்தால் கூலி யார் தருவார் என்று கேட்டார். பீஸ் ரேட் தொழிலாளியின் நியாயமான கேள்வி அது. நிறுத்தும் நேரத்துக்கும் கூலி உண்டென்றால்தான் பலகை உண்மை பேசும். நாளை முதலாளிகளாகவும் மேலாளர்களாகவும் போகும் நண்பர்களே, பலகையை மாட்டுமுன் இதற்கு விடை தேடுங்கள்!